டேப் டிரைவைக் காணோம்

மருத்துவமனை ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள், வாழ்த்துச் செய்தி மாதிரி இருந்தால் போதும் என்று கேட்டார்கள். வாழ்த்துச் சொல்ல எனக்கு வராது. குறை சொல்லச் சொன்னால் பத்துப் பக்கம் எழுதுவேன். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வருமா என்று பார்க்கிறேன்.

கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. போன மாதம் எங்கள் பழைய கம்ப்யூட்டர் அறையைக் காலி செய்துவிட்டார்கள். நோயாளிகளின் கண் படங்கள் எல்லாம் இப்போது இணையம் வழியாக எங்கேயோ இருக்கிற பெரிய இயந்திரங்களுக்குப் போய்விடுகின்றன. டேப் டிரைவ் காயலான் கடைக்குப் போனது. “மேடம், நீங்க அதுகூடவே இருந்தவங்க, ரெண்டு வார்த்தை உருக்கமா எழுதுங்க” என்று அலுவலகத்துப் பெண் ஃபோனில் சொன்னாள். உருக்கமா? அந்தப் பெட்டி என் உயிரை வாங்கியது. அது போனதில் எனக்கு ஒரு சொட்டு வருத்தம் கிடையாது. ஆனால் அதனோடு மல்லுக்கு நின்ற ஒரு நாளைப் பற்றி எழுதலாம். வாங்கிய சம்பளம் மொத்தமும் அந்த ஒரு நாளுக்குத்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

என் ஊர் பிரம்மதேசம். வீட்டில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர். திண்டிவனத்தில் தட்டச்சு, புதுச்சேரியில் கம்ப்யூட்டர் படிப்பு என்று இரண்டையும் முடித்துவிட்டு, மரக்காணத்தில் இந்தக் கண் மருத்துவமனையில் பெயர் பதிவு செய்யும் வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் படித்தவள் அங்கே நான் ஒருத்திதான் என்பதால், எந்த மெஷின் முரண்டு பிடித்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். அப்படியே போய்ப் போய்க் கடைசியில் கம்ப்யூட்டர் பிரிவே என் தலையில் விழுந்தது. என்னைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது எங்கள் மேலாளர் ஜெபராஜ் சாரைப் பற்றி. தொலைபேசித் துறையில் கம்பி, கம்பம் என்று அலைந்துவிட்டு மருத்துவமனை நிர்வாகத்துக்கு வந்தவர். கம்ப்யூட்டர் அறைக்குள் வந்தால் உட்கார மாட்டார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எதையும் தொட மாட்டார். என்ன கோளாறு என்று நாம் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டார். பேசினால் பதில் வராது, கேள்விதான் வரும்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் பிரிண்டர் அச்சடிக்கவில்லை. “பிரிண்டர் கெட்டுப்போச்சு சார்” என்று போய்ச் சொன்னேன்.

“கெட்டுப்போச்சுன்னு அது வந்து உன்கிட்ட சொல்லுச்சா?” என்றார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. நான் பார்த்தது எது, நினைத்துக்கொண்டது எது என்று பிரித்துச் சொல்லச் சொன்னார். பார்த்தது, தாள் வெளியே வரவில்லை என்பது மட்டும். மற்றதெல்லாம் நான் கட்டிய கதை. பிறகு தரையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். பிளக், ஸ்விட்ச், ஒயர், ஒயரின் மறுமுனை, அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டர், அதற்கும் மேலேதான் அதற்குள் ஓடுகிற மென்பொருள். கீழ்ப்படி சரி என்று கண்ணால் பார்க்காமல் மேல்படியில் கால் வைக்கக் கூடாது. அன்றைக்குக் கோளாறு ஒயரின் மறுமுனையில் இருந்தது. பெருக்குகிறவர் விளக்குமாறு பட்டுக் கழன்றிருந்தது. ஜெபராஜ் சார்மேல் எனக்கு வந்த கோபம் தீர ஒரு வாரம் ஆனது. அவர் சொன்ன முறையை மட்டும் அன்றே பிடித்துக்கொண்டேன்.

அடுத்து தணிகாசலம். எங்கள் எலெக்ட்ரீஷியன். அதற்கு முன் உப்பளத்தில் மோட்டார் டிரைவர். கழுவெளிக் காயலிலிருந்து பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கிற மோட்டார்களை ஓட்டியவர். ஆள் கெட்டிக்காரர், வாயும் அதைவிடக் கெட்டி. அவருக்கும் எனக்கும் ஏசியில்தான் சண்டை. எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு இரும்பும் செம்பும் தீனி. கதவைத் திறந்து வைத்தால் சர்வர் பெட்டிக்குள் பச்சை பூத்துவிடும். அதனால் ஏசி எப்போதும் ஓட வேண்டும் என்பது என் கட்சி. மதிய நேரத்தில் லோடு தாங்காது, ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் முதல் உரிமை என்பது அவர் கட்சி. இரண்டு பேர் சொன்னதும் நியாயம். அதனால்தான் சண்டை தீரவே இல்லை. நான் ஏசி ஸ்விட்ச்சுக்கு மரப்பெட்டி அடித்துப் பூட்டுப் போட்டேன். அவர் மெயினிலேயே பிடுங்கினார். ஒரு மழைக்காலம் முழுக்க, பெருக்குகிறவர் மூலமாகத்தான் பேசிக்கொண்டோம்.

இனி அந்த நாள்.

மலரைப் படிக்கிற நர்சுகளும் டிரைவர்களும் கோபித்துக்கொள்ளாமல் இருக்க ஒன்றை விளக்கிவிடுகிறேன். மருத்துவமனையின் தகவல் எல்லாம் சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டரில் இருந்தது. அதற்குப் பக்கத்தில், பெரிய டிபன் கேரியர் அளவில், டேப் டிரைவ் தனியாக உட்கார்ந்திருக்கும். தடித்த ஒயர் ஒன்று இரண்டையும் இணைக்கும். பாட்டு கேசட் மாதிரி ஒரு கேசட்டை டிரைவில் செருகினால், சர்வரில் இருப்பதை பேக்கப் மென்பொருள் அதில் எழுதி வைக்கும். கண் படங்கள் இடத்தை அடைக்கும் என்பதால், பழைய படங்களை டேப்பில் ஏற்றிவிட்டு சர்வரில் அழித்துவிடுவது எங்கள் வழக்கம். தேவைப்பட்டால் டேப்பிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அன்று தேவைப்பட்டது அஞ்சலைக்கு.

அஞ்சலை உப்பு சுமக்கிறவள். பாத்தியிலிருந்து கரைமேட்டுக்குக் கூடை கூடையாகத் தலையில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை. அவளுக்குக் கண் அழுத்த நோய். வலி இருக்காது, சத்தம் இருக்காது, உள்ளே நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். எங்களிடம் முதன்முதலில் வரும்போதே இடது கண் போய்விட்டது. வலது கண்ணைச் சொட்டு மருந்தில் காப்பாற்றி வந்தோம். வரும்போதெல்லாம் நரம்பைப் படம் எடுத்து வைப்போம். நடுவில் சில வருஷம் அவள் வரவில்லை. மருந்தை மட்டும் கடையில் வாங்கி விடாமல் போட்டுக்கொண்டாள். திரும்பி வந்த அன்று அழுத்தம் ஏறியிருந்தது.

அன்று, சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற அறுவை மருத்துவர் வந்திருந்தார். அவர் என்னைக் கூப்பிட்டு விஷயத்தை நேராகச் சொன்னார். பழைய நரம்புப் படம் வேண்டும். புதுப் படத்தோடு வைத்துப் பார்த்து நரம்பு தேயவில்லை என்றால் மருந்தை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடலாம். தேய்ந்திருந்தால் இன்றே அறுவை செய்தாக வேண்டும். படமே கிடைக்கவில்லை என்றாலும் அறுவைதான், இந்த அழுத்தத்தோடு அவளை அடுத்த மாதம்வரை விட்டுவைக்க முடியாது. ஆனால் இருப்பது ஒரே கண். இந்த அறுவையில் பார்வையே போய்விடுகிற ஆபத்து கொஞ்சம் உண்டு. தேவையில்லாமல் அந்தக் கண்ணில் கத்தி வைக்க அவருக்கு விருப்பமில்லை.

“மத்த கேஸ் எல்லாம் முடிச்சிட்டு இவங்கள கடைசியா வச்சிக்கிறேன். அதுக்குள்ள எடுத்துக் குடுங்க” என்றார்.

வராந்தாவில் அஞ்சலை ஒயர்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கூடையில் மாற்றுப்புடவை இருந்தது. என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். “கம்பீட்டரம்மா, படம் உன்கிட்டதான் இருக்குதாமே. பாத்து எடும்மா. இது ஒண்ணுதான் இருக்குது எனக்கு” என்று வலது கண்ணைத் தொட்டுக் காட்டினாள். எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நடக்கும்போதே, அப்படி வாக்குக் கொடுத்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

ஏனென்றால் அன்று விடியற்காலையில்தான் மின்சாரம் போய் வந்திருந்தது. எங்கள் கரையில் இது சாதாரணம். கம்பங்களில் இருக்கிற பீங்கான்களில் உப்பு படிந்திருக்கும், அதன்மேல் பனி இறங்கினால் நெருப்புப் பொறி பறந்து லைன் நின்றுவிடும். அன்று நீண்ட நேரம் வராததால் பேட்டரியும் தீர்ந்து சர்வர் அணைந்துவிட்டது. மின்சாரம் வந்ததும் தணிகாசலம் எல்லாவற்றையும் போட்டுவிட்டிருக்கிறார். சர்வர் எழுந்தது. ஆனால் அதற்குள் இருந்த மூன்று வட்டுகளில் ஒன்றில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது செத்துவிட்டது. இன்னொன்று அடிக்கடி செருமுவதுபோல் ஒரு சத்தம் போட்டது. ஒன்று போனால் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ளும். இரண்டாவதும் போனால் முதலுக்கே மோசம். டேப்பில் பழைய படங்கள் மட்டுமே இருந்ததால், மருத்துவமனையில் அன்றுவரை பதிந்த மற்றது அத்தனையும் போய்விடும்.

அந்த நிலையில் அஞ்சலையின் டேப்பை அலமாரியிலிருந்து எடுத்து டிரைவில் செருகி, பேக்கப் மென்பொருளைத் திறந்தேன். சாதனங்கள் என்ற கட்டம் காலியாக இருந்தது. டேப் டிரைவ் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை என்பதுபோல் மென்பொருள் முழித்தது. டிரைவோ பக்கத்திலேயே பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது.

மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டேன். பேசியவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். மென்பொருளை மொத்தமாக நீக்கிவிட்டு மறுபடி போட்டு, சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்றார். வட்டு செருமிக்கொண்டிருக்கிறது என்றேன். அது வேறு பிரிவு என்றார். நன்றி சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அந்தச் செருமுகிற வட்டு திரும்ப எழுந்திருக்கும் என்று யாரும் எனக்குச் சத்தியம் செய்து தர முடியாது. பதறாத காரியம் சிதறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

கீழிருந்து ஆரம்பித்தேன். டிரைவுக்கு மின்சாரம் வருகிறது. பொத்தானை அமுக்கினால் கேசட்டைத் துப்புகிறது, திரும்பச் செருகினால் விழுங்குகிறது. ஆக அது உயிரோடு இருக்கிறது. ஒயரின் இரண்டு முனைகளையும் விளக்குப் பிடித்துப் பார்த்தேன். ஊசிகள் நேராக இருந்தன, பச்சை பூக்கவில்லை. ஒயர் வரிசையின் கடைசியில் செருகுகிற மூடி, அது இல்லாவிட்டால் அந்தக் காலத்து டிரைவ்கள் பேசாது, அதுவும் இறுக்கமாக இருந்தது. பிறகு சர்வருக்குள் போய், பேக்கப் மென்பொருளை விட்டுவிட்டு, சர்வரின் சொந்த வன்பொருள் பட்டியலைத் திறந்தேன். அங்கேயும் டேப் டிரைவ் இல்லை. மென்பொருள் பாவம், அதன்மேல் குற்றமில்லை. சர்வருக்கே தெரியாததை அது எப்படிக் காட்டும்? மென்பொருளை நீக்கிப் போட்டிருந்தால் பாதி நாள் போயிருக்கும், பலன் பூஜ்யம். ஒருமுறை திரும்பத் தேடிப் பார் என்று சர்வருக்குக் கட்டளை கொடுத்தேன். தேடியது, இல்லை என்றது.

ஜெபராஜ் சார் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. வந்து நின்றார். பார்த்ததை மட்டும் வரிசையாகச் சொன்னேன். டிரைவ் உயிரோடு இருக்கிறது, ஒயர் சரி, சர்வர் பார்க்க மாட்டேன் என்கிறது.

“நேத்து பாத்துச்சா?”

“நேத்து சாயந்தரம் பழைய படம் கொஞ்சம் டேப்புல ஏத்தினேன் சார். பாத்துச்சு.”

“அப்பக்கும் இப்பக்கும் நடுவுல மாறுனது இன்னா?”

கரண்ட் போய் வந்தது என்றேன். அவர் குனிந்து டிரைவைப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.

“சர்வர் கண்ணு முழிக்கும்போது டேப்பு முழிச்சிட்டிருந்துச்சா?”

எனக்குச் சட்டென்று உறைத்தது. எங்கள் பழைய சர்வரில் டேப் டிரைவுக்கான கார்டு, எழுந்திருக்கும்போது ஒரே ஒருமுறைதான் ஒயரில் யார் யார் இருக்கிறார்கள் என்று தேடும். அந்த நேரத்தில் டிரைவ் அணைந்திருந்தால், யாரும் இல்லை என்று முடிவு கட்டிக்கொள்ளும். அப்புறம் டிரைவ் எத்தனை பச்சை விளக்கு எரித்தாலும் திரும்பிப் பார்க்காது. அதனால் நான் எப்போதும் டிரைவை முதலில் போட்டு, விளக்கு நிலையாக நின்ற பிறகுதான் சர்வரைப் போடுவேன். அன்று போட்டது நான் இல்லை.

தணிகாசலத்தைத் தேடிக்கொண்டு நானே போனேன். ஜெனரேட்டர் கொட்டகையில் இருந்தார். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு நான் அவரிடம் நேராகப் பேசியது அன்றுதான்.

“அண்ணே, விடிகாலைல கம்ப்யூட்டர் ரூம்ல எதை மொதல்ல போட்டீங்க?”

ஏதோ குற்றம் சொல்ல வந்திருக்கிறேன் என்று அவர் முகம் இறுகியது. “இன்னாம்மா கேள்வி இது? பெருசத்தான் மொதல்ல போடுவாங்க. பெரிய மோட்டார எழுப்பி அது நின்னு ஓடனதும்தான் சின்னத போடணும். சின்னது ஓடிட்டிருக்கும்போது பெருச போட்டா கரண்ட மொத்தமா அது இழுத்துக்கும், சின்னது பொகஞ்சிடும். அளத்துல எத்தினி மோட்டார் காப்பாத்தியிருக்கேன், தெரியுமா?” என்றார்.

அளத்தில் அது நூற்றுக்கு நூறு சரி. அந்தப் பாடத்தைக் கற்க அவர் எத்தனை மோட்டார் புகைவதைப் பார்த்திருப்பாரோ தெரியாது. ஏசி, சர்வர், அதற்கப்புறம் சின்னப் பெட்டிகள் என்று அன்று அவர் போட்ட வரிசையில் ஒரு பிசகும் இல்லை. இறைக்கிற மோட்டாருக்கு ஒரு நியாயம், தேடுகிற சர்வருக்கு வேறு நியாயம், அவ்வளவுதான். இங்கே சின்னதுதான் முதலில் எழுந்து தயாராக நிற்க வேண்டும், பெரியது எழுந்து பார்க்கும்போது எதிரில் இருக்க வேண்டும் என்றேன். எல்லாம் தலைகீழாக இருக்கிறதே என்றார். எங்கள் துறையே அப்படித்தான் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் தீர்வு என்னவோ அந்த ரீஸ்டார்ட்தான். எதைச் செய்யக் கூடாது என்று காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனோ அதைத்தான் செய்தாக வேண்டும்.

ஜெபராஜ் சாரிடம் என் திட்டத்தைச் சொன்னேன். முதலில், சர்வரில் இருக்கிற மருத்துவமனைத் தகவலை நெட்வொர்க் வழியாகவே மற்ற மேசைக் கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்து ஏற்றிவிடுவது. பதிவுப் பிரிவில் கொஞ்சம், மருந்தகத்தில் கொஞ்சம், கணக்குப் பிரிவில் கொஞ்சம். அதுவரை யாரும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது, எல்லாம் தாளில் எழுத வேண்டும். ஏற்றி முடிந்ததும் சர்வரை அணைக்காமல், மின்சாரத்தை அறுக்காமல், ஓடுகிற நிலையிலேயே ரீஸ்டார்ட் கொடுப்பது. அப்படிச் செய்தால் வட்டுகள் சுற்றுவது நிற்காது. களைத்துப்போன வட்டு ஒருமுறை நின்றுவிட்டால்தான் மறுபடி சுற்ற மறுக்கும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சர்வர் விழுந்தால் தன் பெயரைச் சொல்லிவிடும்படி சொன்னார்.

“வேணாம் சார். செய்யறது நான். விழுந்தா என் பேருதான்” என்றேன். சொன்ன கையோடு பதிவுப் பிரிவுக்கு நடந்தேன்.

மருந்தகத்தில் முணுமுணுத்தார்கள். பதிவுப் பிரிவில் கூட்டம் வராந்தாவரை நின்றது. நான் யாருக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சொல்லி மாளாது. ஒவ்வொரு மேசையாகப் போய் உட்கார்ந்து, நகல் ஏறுவதைப் பார்த்து, ஏறியதைத் திறந்து சரிபார்த்த பிறகுதான் அடுத்த மேசைக்குப் போனேன். நடுவில் அந்த வட்டு சில தரம் இழுத்து இழுத்துச் செருமியது. அப்போதெல்லாம் நகல் எடுப்பதை நிறுத்திவிட்டு, அது மூச்சு வாங்கட்டும் என்று காத்திருந்து மறுபடி தொடங்கினேன். தியேட்டரிலிருந்து நர்ஸ் இரண்டு முறை வந்து, டாக்டர் கேட்கிறார் என்றாள். முடியும் என்று சொல்லி அனுப்பினேன். முடியுமா என்று யாராவது என்னையே கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் நகல் முடிந்தது. தணிகாசலம் எதுவும் சொல்லாமலே தன் வேலையைத் தொடங்கியிருந்தார். லைன் நடுவில் நின்றுவிடக் கூடாது என்று கம்ப்யூட்டர் அறையை ஜெனரேட்டருக்கு மாற்றினார். ஏசியைத் தானே அணைத்துவிட்டு, “ஏசி போச்சுன்னு சண்டைக்கு வராதம்மா, பத்து நிமிசம் பொறுத்துக்க” என்றார். டேப் டிரைவை ஒருமுறை அணைத்துப் போட்டார். பச்சை விளக்கு சிமிட்டி, பிறகு நிலையாக நின்றது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, “சின்னவரு ரெடி” என்றார்.

ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

திரை கறுத்தது. காற்றாடிகள் ஊளையிட்டன. எங்கள் மூன்று பேரைத் தவிர அறையில் யாரும் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வர ஆரம்பித்தன. முதல் வட்டு வந்தது. இரண்டாவது இடம் காலி, அது செத்த வட்டின் இடம். மூன்றாவதுக்கு வரும்போது எழுத்து நின்றுவிட்டது. அந்த வட்டு செருமியது. மறுபடியும் செருமியது. குலசாமியைக் கூப்பிட்டேன். பிறகு அதன் பெயர் வந்தது. அதற்கு அடுத்த வரியில், காலையிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த டேப் டிரைவின் பெயர் வந்தது. ஜெபராஜ் சார் முதல்முறையாக அந்த அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சர்வர் முழுதாக எழுந்ததும் அதன் வன்பொருள் பட்டியலைத் திறந்தேன். டேப் டிரைவ் இருந்தது. ஓடிப்போய் பேக்கப் மென்பொருளைத் திறந்தேன். சாதனங்கள் கட்டம் இன்னும் காலி.

கோபத்தில் மேசையில் அடித்தேன் என்று தணிகாசலம் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடித்திருப்பேன். ஆனால் அடித்த கையோடு யோசித்தேன். காலையில் மென்பொருள்மேல் குற்றமில்லை. இப்போது சர்வர் பார்க்கிறது, மென்பொருள் பார்க்கவில்லை. ஆக இப்போதுதான் கோளாறு மேல்படிக்கு வந்திருக்கிறது. சர்வருக்கே சொந்தமாக டேப்புகளைக் கவனிக்கிற ஒரு சின்ன நிரல் உண்டு. நாங்கள் எப்போதும் அதை நிறுத்தி வைத்திருப்போம். மின்சாரம் போய் வந்த குழப்பத்தில் அது தானாக எழுந்து, புதிதாகக் கண்ணில் பட்ட டிரைவைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும் டிரைவை இன்னொருவருக்குத் தராது. அந்த நிரலை நிறுத்தினேன். பேக்கப் மென்பொருளை மட்டும் நிறுத்தி மறுபடி ஓட விட்டு, தேடச் சொன்னேன்.

கட்டத்தில் ஒரு வரி வந்தது. டேப் டிரைவ், தயார்.

அதற்கப்புறமும் டேப் சும்மா விடவில்லை. அஞ்சலையின் படங்கள் கேசட்டின் கடைசிப் பக்கம் இருந்தன. அதுவரை சுற்றி ஓட வேண்டும். மரத்தை அறுக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு ஓடியது. தியேட்டரில் கடைசிக்கு முந்தின கேஸ் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னாள். அஞ்சலையை உள்ளே கூப்பிடட்டுமா என்று கேட்டாள். கூப்பிடாதே என்றேன். யாரைக் கேட்டு அப்படி அதிகாரம் பண்ணினேன் என்று எனக்கே தெரியாது. ஓட்டம் நின்றது. படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கின. பெயர், ஊர், வலது கண் என்று மூன்றையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். வேறு அஞ்சலையின் படத்தைக் கொடுத்துவிட்டால் இவ்வளவு பாடும் வீண்.

மருத்துவரின் அறைத் திரையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இடது பக்கம் பழையது, வலது பக்கம் காலையில் எடுத்தது. சிவந்த வட்டத்துக்குள் வெளிறிய சின்ன வட்டம், அது பெரிதாகியிருந்தால் நரம்பு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அவர் தியேட்டர் உடுப்போடு வந்து குனிந்தார். அளவு வைத்துப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும்வரை நான் பட்ட அவஸ்தை சர்வர் எழுந்தபோதுகூடப் படவில்லை. படம் எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை, படத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது என் கையில் இல்லையே.

அஞ்சலை கதவோரம் நின்றிருந்தவள், ஒயர்கூடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். தன் கண்ணைத் தானும் பார்க்க வேண்டும் என்றாள். மருத்துவர் தள்ளி இடம் விட்டார். படம் எடுக்க மருந்து விட்ட கண் என்பதால் கிட்டே போனால் மங்கியது. இரண்டு அடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்து, இந்தப் படத்தையும் அந்தப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே டாக்டரய்யா. என் கண்ணு கோளாறா, இல்ல மெய்யாலுமே ரெண்டும் ஒண்ணா?”

“உங்க கண்ணு சரியாத்தான் பாக்குதும்மா. ரெண்டும் ஒண்ணுதான்” என்றார் மருத்துவர். தலையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மருந்தை மாற்றி எழுதினார். மாதாமாதம் வந்தே ஆக வேண்டும், வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பாத்தியில் இறங்கக் கூடாது என்று கண்டித்தார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, ஒன்றுமே மாறாத படத்துக்கா இந்த ஓட்டம் ஓடினாய் என்று கேட்டாள். ஆமாம், அதற்குத்தான் என்றேன்.

ரோடுவரை அவளோடு போனேன். கண்ணில் மருந்து இருக்கிறதே என்று கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயங்கால வெயில் உப்பு மேடுகளில் பட்டு எனக்கே கண்ணைக் கூசியது. தூரத்தில் ஒரு பஸ் வந்தது. அது எந்த ஊர் பஸ் என்று நான் கண்ணை இடுக்கிப் பார்ப்பதற்குள், அவள் கையைக் காட்டி நிறுத்தி ஏறிவிட்டாள்.